கால்களோடு நின்றுவிடாதீர்கள்: நரம்பு பாதித்த பிள்ளைகளின் சிறுநீர்ப்பைப் பராமரிப்புக்கான கண்டிப் பிரகடனம்

முகவுரை

கண்டி நகரிலும் பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, பன்விலை, திகனை, தெல்தெனிய ஆகிய சுற்றுப்புறங்களிலும் வாழும் பெற்றோர், இயன்மருத்துவர்கள், தாதியர், குடும்ப நல உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், தோட்டத் தொழிலாளர்கள், இந்தப் பாதிப்போடு வளர்ந்து ஆளானவர்கள் ஆகிய நாங்கள் ஓர் இயக்கமாக ஒன்றுசேர்ந்து இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

முதுகெலும்பு முழுதாக மூடாமல், அதாவது முதுகுப் பிளவுடன், பிறந்த பிள்ளைகளுக்காகவும், மரத்திலிருந்து விழுந்தோ வீதி விபத்திலோ முள்ளந்தண்டு அடிபட்ட பிள்ளைகளுக்காகவும், கட்டியாலோ அழற்சியாலோ முண்ணாண் கெட்ட பிள்ளைகளுக்காகவும் பேசுகிறோம். இவர்களுக்கு ஒண்ணுக்கு வருவது தெரியாது. தெரிந்தாலும் அடக்க முடியாது. அல்லது முழுதாகக் கழிக்க முடியாது. மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் நரம்புகள் சேதமடைந்ததே காரணம். பிள்ளையின் சோம்பலோ, தாயின் வளர்ப்போ, குடும்பத்தின் பாவமோ காரணமல்ல.

எங்கள் வாதம் ஒன்றே. இப்பிள்ளைகளுக்கான பிசியோதெரபி, அதாவது இயன்மருத்துவம், கால்களில் தொடங்கிக் கால்களோடு முடிந்துவிடக் கூடாது. கால்களுக்குக் கொடுக்கும் நேரத்தையும் அக்கறையையும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் பிறந்த நாளிலிருந்தே கொடுக்க வேண்டும்.

நாங்கள் காண்பது

"பிள்ளை எப்போது நடக்கும்?" இந்தக் கேள்வியைப் பாட்டி கேட்கிறார், பக்கத்து லயத்தார் கேட்கிறார்கள், கிளினிக் வாசலில் காத்திருக்கும் மற்றத் தாய்மாரும் கேட்கிறார்கள். காலுக்குப் பட்டையும் சப்பாத்தும் வாங்க ஊரே கைகொடுக்கிறது. "பிள்ளையின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் மிகச் சிலர். ஈரத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

பாடசாலையில் வாடை வருகிறது என்று பக்கத்து மேசைப் பிள்ளை தள்ளி உட்காருகிறது. சில நாட்களில் பிள்ளை தானே கடைசி வாங்குக்குப் போகிறது. பிறகு வகுப்புக்கே போவதில்லை. நனையாமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது, இறுகிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது, கிருமி சேருகிறது, காய்ச்சல் வருகிறது. ஈரத்தில் ஊறிய தோலில் புண் வருகிறது. உணர்வில்லாத தோலில் வந்த புண்ணைப் பிள்ளையால் சொல்லவும் முடியாது.

தோட்டத்தில் இந்தச் சுமை இன்னும் கனக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டதிலிருந்து இந்த மலைகள் உலகுக்குத் தேநீர் கொடுத்து வருகின்றன. கொழுந்து பறிக்கும் தாய் இன்றும் பல லயங்களில் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, பல குடும்பங்கள் பங்கிடும் மலசலகூடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கண்டிக்குக் கிளினிக் வர ஒரு நாள் பெயர் விழாமல், அதாவது அன்றையச் சம்பளம் இல்லாமல், போகிறது. சிறுநீருக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள், பயிற்சிக்கு ஒரு நாள் என்று அலைந்தால் அந்த மாதச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? பம்பஸ் வாங்குவதா, பால்மா வாங்குவதா என்ற கேள்வி எந்த வீட்டிலும் எழக் கூடாது.

உடல் சொல்லும் உண்மை

சிறுநீர்ப்பைக்கு இரண்டு வேலை. குறைந்த அழுத்தத்தில் சேர்த்து வைக்க வேண்டும். நேரம் வந்ததும் முழுதாக வெளியேற்ற வேண்டும். முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் திருவெலும்பு நரம்புகள் இந்த இரண்டையும் ஒழுங்குபடுத்துகின்றன. அவை கெட்டால் பை தளர்ந்து ஓயாமல் கசியலாம். அல்லது பை சுருங்கும் அதே நேரத்தில் அதன் வாய்த்தசையும் இறுகிக்கொள்ளலாம். இரண்டாவது நிலைதான் ஆபத்தானது. திகனைக்கு அப்பால் விக்டோரியா அணையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வெள்ளம் வரும்போது வான்கதவு திறக்காவிட்டால் நீர் மேற்புறம் ஏறும். பிள்ளையின் உடலில் அந்த மேற்புறம் சிறுநீரகம்.

சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தம் 40 சென்ரிமீற்றர் நீர் அளவைத் தாண்டினால்தான் கசியும் என்ற நிலையிலுள்ள பிள்ளைகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வருகிறது என்பதை மெக்குவயரும் அவரது சக வைத்தியர்களும் 1981 இல் எடுத்துக்காட்டினார்கள். இதில் ஒரு கடுமையான பாடம் இருக்கிறது. கசியாத பிள்ளை நலமாக இருக்கிறது என்று பொருளல்ல. வெளியே உலர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும்.

இந்த நோயாளிகளின் விதி மாற்ற முடியாதது என்று ஒரு காலத்தில் வைத்திய உலகமே நம்பியது. முள்ளந்தண்டு அடிபட்டவர்கள் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் செத்துப்போவார்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் அந்த எண்ணத்தை உடைத்தார். படுக்கையில் திருப்பிப் போடுவது, சிறுநீர்ப்பையை ஒழுங்காக வெறுமையாக்குவது, உடற்பயிற்சி ஆகியவற்றை ஒன்றாகக் கொண்டுசென்றார். 1972 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடிஸ் இன்னொரு கதவைத் திறந்தார். கதீற்றர் எனும் மெல்லிய குழாயைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே வெளியே எடுக்கும் முறைக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கிருமியற்ற சூழல் தேவையில்லை, சுத்தமான கையும் ஒழுங்கான நேரமும் போதும் என்று அவர் காட்டினார். சவர்க்காரம், தண்ணீர், பூட்டக்கூடிய ஒரு கதவு. இவை இருந்தால் லயத்துப் பிள்ளையும் சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ளலாம்.

நமக்குப் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. 1954 இல் வீதி விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியைத் தொடர்ந்தார். 1966 இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார். அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலும் அதற்கு வெளியிலும் ஆயிரக்கணக்கானோர் மறுபடி வாழப் பாதை போட்டார்.

இயன்மருத்துவம் எதைத் தரும், எதைத் தராது

பெற்றோருக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டோம். முழுதாக அறுந்துபோன நரம்பை எந்தப் பயிற்சியும் ஒட்டவைக்காது. நரம்பு சேதமடைந்த பிள்ளைகளில் பலருக்குக் கதீற்றரும், பையைத் தளர்த்தும் ஒக்ஸிபியூட்டினின் போன்ற மருந்தும், சிலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும். இயன்மருத்துவம் அவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டியது. அவற்றுக்குப் பதிலாக நிற்க முடியாது.

நரம்புப் பாதை ஓரளவு மிஞ்சியிருக்கும் பிள்ளைக்கு இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கவும் தளர்த்தவும் கற்றுக்கொடுக்கலாம். தசையின் அசைவைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியோடு பயிற்சி செய்தால் பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிடும். முதுகின் அடியில் தோல்மேல் ஒட்டும் மின்தகடுகளால் மெல்லிய தூண்டல் கொடுக்கும் முறை சில பிள்ளைகளுக்குக் கசிவைக் குறைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பலன் தரும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை. ஆகவே அளந்து தொடங்கி, அளந்து பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும்.

தசையைத் தாண்டியும் இயன்மருத்துவரின் வேலை பெரிது. தானே கதீற்றர் இடுவதற்குப் பிள்ளைக்கு விழாமல் உட்காரும் சமநிலை வேண்டும். விரிக்கக்கூடிய இடுப்பு மூட்டு வேண்டும். நுணுக்கமாகப் பிடிக்கும் விரல்கள் வேண்டும். சக்கர நாற்காலியிலிருந்து மலசலகூட இருக்கைக்கு மாறும் பலம் வேண்டும். காற்பட்டையைக் கழற்றி மாட்டும் பழக்கம் வேண்டும். இவை அத்தனையும் பயிற்சி மேசையில் கற்பிக்கக்கூடியவை. சரியாகப் பழக்கினால் பல பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இதைத் தாங்களே செய்யத் தொடங்குகிறார்கள்.

மலத்துக்கும் ஒழுங்கு வேண்டும். சாப்பிட்டு முடிந்த அரை மணித்தியாலத்துக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் பாதத்துக்குத் தாங்கு வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி பிள்ளையை உட்காரவைத்தால் உடலே உதவும். குந்த முடியாத பிள்ளையைக் குந்து மலசலகூடத்துக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தாயின் முதுகையும் முறிக்கும்.

எங்கள் கொள்கைகள்

1. சிறுநீரகமே முதல். நடை, நிற்றல், காற்பட்டை எல்லாம் முக்கியம். ஆனால் சிறுநீரகத்தைக் காப்பதற்கு அடுத்துத்தான் அவை வரும்.

2. பிறந்த நாளிலிருந்தே. முதுகுப் பிளவுடன் பிறந்த குழந்தையின் சிறுநீர்ப்பையை, காய்ச்சல் வரும்வரை காத்திராமல், முதுகை மூடும் சத்திரசிகிச்சைக்குப் பின் உடனேயே கவனிக்கத் தொடங்க வேண்டும்.

3. அளக்காமல் சிகிச்சை இல்லை. கழித்த அளவு, பையில் மிஞ்சிய அளவு, குடித்த அளவு, கசிந்த நேரம் எல்லாம் கொப்பியில் ஏற வேண்டும். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30 ஆல் பெருக்கினால் அந்த வயதில் பை கொள்ளவேண்டிய அளவு தோராயமாகத் தெரியும். ஆறு வயதுக்கு 210 மில்லிலீற்றர். அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கும் பென்சிலும் எந்த வீட்டிலும் சாத்தியம்.

4. வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுவதை எவரும் வைத்திய ஆலோசனையின்றிச் செய்யக் கூடாது. வாய்த்தசை இறுகிய பிள்ளைக்கு அந்த அழுத்தம் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

5. பிள்ளையின் உடல் பிள்ளைக்குச் சொந்தம். அந்தரங்க உறுப்புகளைத் தொடும் எந்தப் பரிசோதனையும் பயிற்சியும் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் விளக்கி, சம்மதம் கேட்டு, பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் ஒருவர் அருகில் இருக்க, திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைச் சிகிச்சை அறையிலேயே கற்கும் பிள்ளை, வெளியிலும் தன்னைக் காத்துக்கொள்ளும்.

6. பாதுகாப்பு முதலில். முதுகுப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் றப்பர் ஒவ்வாமை வரும் அபாயம் அதிகம். அவர்களுக்குக் கையுறையும் குழாயும் லேடெக்ஸ் இல்லாதவையாக இருக்க வேண்டும். பிறந்தநாள் பலூனும் விளையாட்டுப் பொருளாகக் கூடாது.

7. வளரும் உடலைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நன்றாக உலர்ந்திருந்த பிள்ளை திடீரெனக் கசியத் தொடங்கினாலோ, நடை மாறினாலோ, முதுகு வலித்தாலோ, முண்ணாண் கீழே ஒட்டி இழுபடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் இது விசேடமாக நேரும்.

8. வராமல் தடுப்பதும் எங்கள் வேலை. கரு உருவாகி 28 நாட்களுக்குள், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்று தெரியுமுன்பே, முண்ணாணாக வளரும் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. அதனால் போலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும். இப்படியொரு பிள்ளை ஏற்கெனவே பிறந்த தாய்க்கு அது மீண்டும் நேராமல் 72 சதவீதம்வரை தடுக்கலாம் என்று 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. அத்தகைய தாய்க்குத் தேவையான கூடிய அளவை வைத்தியர் தீர்மானிப்பார். இதைச் சொல்வது தடுப்புக்காக. பிறந்திருக்கும் பிள்ளையின் மதிப்பை இது ஓர் இம்மியும் குறைக்காது.

எங்கள் கோரிக்கைகள்

இலங்கை 1991 இல் சிறுவர் உரிமை சாசனத்தையும் 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சாசனத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. ஐந்து வயது முதல் பதினாறு வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம். ஆகவே நாங்கள் சலுகை கேட்கவில்லை. எழுதிக் கையொப்பமிட்டதை நடைமுறையில் கேட்கிறோம்.

கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனையின் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை, திகனை புனர்வாழ்வு வைத்தியசாலை, இயன்மருத்துவர்களை உருவாக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் ஆகிய அனைத்தும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மலைநாட்டின் பிள்ளைகளுக்கு இது பெரும் செல்வம். இந்த நிறுவனங்களின் அறிவு ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஒரே நாளில் ஒரே இடத்தில் சிறுவர் வைத்தியர், சிறுநீரக வைத்தியர், நரம்பு வைத்தியர், எலும்பு வைத்தியர், இயன்மருத்துவர், தாதி ஆகியோர் பிள்ளையைச் சேர்ந்து பார்க்கும் கிளினிக் வேண்டும். தூரத் தோட்டத்திலிருந்து வருபவர்களுக்கு அந்தத் தேதி முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இயன்மருத்துவப் பட்டப்படிப்பில் பிள்ளைகளின் சிறுநீர்ப்பை, மலக்குடல் பராமரிப்பு நேரடிப் பயிற்சியோடு கற்பிக்கப்பட வேண்டும்.

கதீற்றர், மருந்து, பம்பஸ் ஆகியவை தேவையான எண்ணிக்கையில் இலவசமாக, பிள்ளைக்கு அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே கிடைக்க வேண்டும். கதீற்றர் தீர்ந்துபோன வாரமும் சிறுநீரகம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. 1987 இன் 13 ஆவது திருத்தம் அதை அரசியலமைப்பில் எழுதியது. கதீற்றர் இடும் முறை, காய்ச்சல் வந்தால் செய்யவேண்டியது, பயிற்சி அட்டவணை எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் படங்களோடு தரப்பட வேண்டும். சுத்தமான கை எப்படி இருக்க வேண்டும் என்பது புரியாமல் எந்தத் தாயும் வீடு திரும்பக் கூடாது.

பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை நடக்கிறது. மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கதீற்றர் இடும் பிள்ளைக்கு அந்நேரத்துக்குள் ஒருமுறையாவது தேவைப்படும். அதற்கு உள்ளிருந்து பூட்டக்கூடிய, தண்ணீருள்ள, சக்கர நாற்காலி நுழையும் ஓர் அறை ஒவ்வொரு பாடசாலையிலும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கையை உயர்த்தாமல் எழுந்து போக அந்தப் பிள்ளைக்கு அனுமதி வேண்டும்.

தோட்ட நிருவாகங்கள் இப்படியொரு பிள்ளை வாழும் லயத்துக்குத் தனி மலசலகூடமும் வாசலில் தண்ணீர்க் குழாயும் கொடுக்க வேண்டும். கிளினிக் நாளில் தாயின் அன்றையச் சம்பளம் வெட்டப்படக் கூடாது. பிள்ளைக்காம்பரா எனும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரிபவர்களுக்குப் பயிற்சி வேண்டும். குழந்தையின் கீழ்முதுகில் குழியோ, முடிக்கொத்தோ, கட்டியோ கண்டால் வைத்தியரிடம் அனுப்ப அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள்மேல் நாங்களே சுமத்தும் கடமைகள்

அரசைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். குடும்ப நல உத்தியோகத்தரோடு லயம் லயமாகப் போவோம். கதவடைத்து வைத்திருக்கும் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்போம். ஏற்கெனவே பழகிய தாய் புதிய தாய்க்குக் கைபிடித்துக் காட்டுவார். தானே கதீற்றர் இட்டு வளர்ந்த அக்காவும் அண்ணனும் சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார்கள். எந்த விரிவுரையையும்விட அந்தப் பேச்சு பிள்ளைக்குள் போகும்.

தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த இயக்கம் ஒன்றே. எந்தப் பிள்ளையின் படத்தையும் பெயரையும் பணம் திரட்டப் பயன்படுத்த மாட்டோம். பயிற்சியால் முழுக் குணம் என்று விளம்பரம் செய்யும் எவரோடும் சேர மாட்டோம். வைத்தியரின் மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் செய்யச் சொல்ல மாட்டோம்.

பத்து வயதுப் பெண்பிள்ளை பருவமடையப் போகிறாள் என்பதையும் மறக்க மாட்டோம். மாதவிடாய், தன்மானம், காதல், கல்யாணம் எல்லாம் அவளுக்கும் உண்டு. அவள் தாயாகும் கனவையும் சிகிச்சைத் திட்டத்தில் எழுதுவோம்.

அழைப்பு

இயன்மருத்துவர்களே, உங்கள் மேசைக்கு வரும் பிள்ளையின் கால்களைத் தொடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, எவ்வளவு? ஆசிரியர்களே, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை முன்னுக்கு அழையுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தையில் தண்ணீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் பிள்ளைகளின் பெயரால் வையுங்கள்.

அம்மாமாரே, அப்பாமாரே, அடுத்த கிளினிக் நாளில் மூன்று கேள்விகளோடு போங்கள். பிள்ளை சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது? பையின் அழுத்தத்தை அளந்தாயிற்றா? சிறுநீரக ஸ்கேன் அடுத்து எப்போது? பதில்களைக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்கினால் எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் வருவோம்.